கோவென்ட் கார்டன் புனரமைப்பு விவகாரம்

லண்டன் மாநகரின் மத்தியிலுள்ள கோவென்ட் கார்டனில், 1630களில் இனிகோ ஜோன்ஸ் என்னும் கட்டடக்கலை நிபுணர் வகுத்த சதுக்கத்தைச் சூழ்ந்து நெடுங்காலம் நடைபெற்றுவந்த காய், கனி, மலர் மொத்தச் சந்தையை தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள நைன் எல்ம்ஸுக்கு மாற்றுவதென்று நிச்சயமானதும், காலியாகப்போகும் அந்நிலத்தின் பாத்தியதை யாருக்கு என்பது பற்றி எழுந்த விவாதமே இது. பழைய கட்டடங்களிற் பெரும்பகுதியை இடித்து, அகன்ற சாலைகளும் ஹோட்டல்களும் மகாநாட்டு மண்டபமும் காரியாலயங்களும் நிர்மாணிக்கும் திட்டத்தைப் பெருலண்டன் மன்றம் 1968இல் வெளியிட்டது. அதனை எதிர்த்தவர் புராதனப் பிரியர் மட்டுமல்லர்; வாடகைக் குடித்தனக்காரரும் சிறு கைவினைஞரும் இளம் கட்டடக்கலை மாணவரும் 1971இல் ஒரு சமூக சங்கமாகத் திரண்டனர்.

திட்டக் குழுவின் தலைவியாயிருந்த டார்ட்மத் சீமாட்டியே (பிற்காலத்தில் இளவரசி டயானாவின் சிற்றன்னையானவர்) ஜனங்களின் ஆதரவு இதற்கில்லையெனக் கண்டு 1972இல் ராஜினாமாச் செய்தது, பொதுப் பதவியில் அபூர்வமான ஒரு நேர்மை. மறு ஆண்டு அமைச்சர் ஜெஃப்ரி ரிப்பன், திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்துக்கொண்டே ஏறத்தாழ 250 கட்டடங்களைப் பாதுகாப்புப் பட்டியலிற் சேர்த்தார். ஒரு கையால் ஈந்து மறு கையால் பறித்த இந்தச் சாதுரியத்தால் திட்டம் செயலற்றுப்போயிற்று.

1974இல் சந்தை அகன்றது; 1980இல் அதன் கட்டடம் கடைவீதியாகத் திறக்கப்பட்டது. ஆயினும் இடிபாட்டிலிருந்து ஸ்தலத்தைக் காத்தவர்களிற் பலரை, அதன் புதிய கீர்த்தியால் ஏறிய வாடகையே பின்னர் வெளியேற்றியது.