கணினிக்கான நடுத்தர விலை ஹெட்போன்கள்

கணினியில் பாட்டுக் கேட்கவும் விளையாடவும் ஒரே கருவியாகப் பயன்படும், காதைச் சுற்றி அமரும் ஹெட்போன்கள் இங்கே விவரிக்கப்படுகின்றன. நடுத்தர விலை என இக்கட்டுரை கொள்வது இந்தியச் சந்தையில் ஏறத்தாழ 5,000 முதல் 15,000 ரூபாய் வரை. ஒலிப்பதிவுக் கூடங்களில் பழகிய மாதிரிகள் பலவும், மைக்குடன் வரும் கேமிங் ஹெட்செட்களில் பெரும்பாலானவையும் இந்த வரம்புக்குள்தான் போட்டியிடுகின்றன.

தோற்றமும் வளர்ச்சியும்

ஹெட்போன் தொலைபேசியிலிருந்து பிறந்தது. 1880களில் தொலைபேசி இணைப்பகப் பணியாளர்கள் ஒற்றைக் காதுக் கருவியை அணிந்து வேலை செய்தனர். 1881இல் பாரிஸில் நடந்த மின்பொருட்காட்சிக்காக, கிளெமான் அதேர் ஓப்பரா மேடையின் விளிம்பில் மைக்குகளை வரிசையாக வைத்துக் கம்பி வழியே கண்காட்சிக் கூடத்துக்கு இசையைக் கொண்டுவந்தார். காதுக்கு ஒன்றாக இரண்டு கருவிகளைப் பிடித்துக் கேட்டவர்களுக்குப் பாடகர் மேடையில் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பதும் தெரிந்தது. இரண்டு காதுக்கு இரண்டு வழி ஒலி இருந்தால் திசை புலப்படும் என்று காட்டிய முதல் பொது நிகழ்ச்சி அது. கணினியில் விளையாடுபவர் இன்று ஹெட்போனிடம் முதலில் கேட்பதும் திசையைத்தான்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின், வீட்டுச் சமையலறையில் தானே செய்த இரட்டைக் காதுக் கருவியை 1910இல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படை அதைச் சோதித்து, மெல்லிய வானொலிச் சைகைகளையும் பிடித்துத் தருவதைக் கண்டு வாங்கத் தொடங்கியது. தந்தி ஒலியைக் கேட்பதற்கு அது உகந்தது, இசைக்கென்று உருவானதல்ல.

இசைக்கான அடித்தளத்தை இட்டவர் பெர்லினைச் சேர்ந்த ஆய்கன் பையர். 1937இல் வந்த அவரது டிடி 48, ஒலிபெருக்கியின் அமைப்பைக் காதளவுக்குச் சுருக்கியது. மெல்லிய சவ்வின் பின்னால் ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப் புலத்துக்குள் நிற்கும். சுருளில் மின்னோட்டம் மாறும்போது சவ்வு முன்னும் பின்னும் அதிர்ந்து காற்றைத் தள்ளும். நடுத்தர விலை ஹெட்போன்களில் மிகப் பெரும்பாலானவை இன்றும் இந்த நகர்சுருள் முறையில்தான் இயங்குகின்றன. பையர்டைனமிக் என்ற பெயரில் தொடரும் அந்த நிறுவனம் டிடி 48ஐ எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக விற்றது. மின்னணுப் பொருள்களில் இவ்வளவு நீண்ட ஆயுள் அரிது.

1958இல், ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வந்த காலத்தில், அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ஜான் கோஸ் கையில் எடுத்துச் செல்லும் இசைத்தட்டு இயந்திரம் ஒன்றை அறிமுகப்படுத்தினார். அதற்குத் துணைப்பொருளாகச் செய்த எஸ்பி/3 ஹெட்போன்தான் மக்களைக் கவர்ந்தது. வீட்டில் தனியாக ஸ்டீரியோ கேட்கும் வழக்கம் அதிலிருந்து வேரூன்றியது.

அடுத்த திருப்பம் 1968இல். ஜெர்மனியின் சென்ஹைசர் வெளியிட்ட எச்டி 414 பின்பக்கம் அடைக்கப்படாமல், மஞ்சள் நுரைப்பஞ்சுடன் காதின்மேல் இலேசாக அமர்ந்தது. அது ஒரு கோடிக்கும் மேல் விற்றது. திறந்த வகை ஹெட்போன் என்ற மரபு அதனால் நிலைபெற்றது. அதன் இம்பீடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) 2,000 ஓம். வீட்டு ஆம்பிளிபயர்கள் அதை எளிதாக இயக்கின. 1979இல் சோனி வாக்மேன் வந்தபோது நிலைமை மாறியது. சிறு பேட்டரி தரும் குறைந்த வோல்டேஜில் போதிய சத்தம் வரவேண்டுமானால் இம்பீடன்ஸ் குறைவாக இருக்க வேண்டும். கடை அட்டைகளில் இன்று காணும் 32 ஓம், 250 ஓம் என்ற வேறுபாடு கையடக்கக் கருவி மரபும் ஒலிப்பதிவுக் கூட மரபும் விட்டுச்சென்றது.

கேமிங் ஹெட்செட் இந்த மரத்தின் பிந்திய கிளை. 2014இல் வெளிவந்து பெரும்பெயர் பெற்ற ஹைப்பர்எக்ஸ் கிளவுட், சீனாவின் டாக்ஸ்டார் நிறுவனம் ஏற்கெனவே செய்துவந்த புரோ 80 என்ற இசை ஹெட்போனை அடிப்படையாகக் கொண்டது. மைக் சேர்ந்தது, பெயர் மாறியது. விளையாட்டுக்கென்று தனி ஒலி அறிவியல் எதுவும் இல்லை என்பதற்கு அதுவே போதிய சான்று.

திறந்த வகையும் மூடிய வகையும்

மூடிய வகையில் டிரைவரின், அதாவது சவ்வும் சுருளும் சேர்ந்த பகுதியின், பின்புறம் அடைபட்டிருக்கும். வெளிச்சத்தம் குறையும், பக்கத்தில் இருப்பவருக்கும் தொந்தரவு இராது. ஆடியோ டெக்னிகாவின் ஏடிஎச்-எம்50எக்ஸ் இவ்வகையில் பலரும் அறிந்தது. திறந்த வகையில் பின்புறம் வலைபோல் இருப்பதால் ஒலி இரு பக்கமும் கசியும். ஆனால் இசை தலைக்குள் அடைபடாமல் வெளியே பரந்து நிற்பதுபோல் கேட்கும், காதும் அவ்வளவாக வியர்க்காது. தனி அறையும் அமைதியும் உள்ளவருக்குத் திறந்த வகையே மேல். சத்தமாக மின்விசிறி ஓடும் அறையில், வீட்டார் நடுவே அமர்பவர் மூடிய வகையை வாங்குவது நல்லது.

திசையறிதல்

ஒலி வரும் திசையை மனிதர் அறிவது எப்படி என்பதை 1907இல் ரேலி பிரபு விளக்கினார். தாழ்ந்த அதிர்வெண்களில் இரு காதுகளுக்கும் ஒலி வந்துசேரும் நேர வேறுபாடும், உயர்ந்தவற்றில் தலையின் மறைப்பால் உண்டாகும் சத்த வேறுபாடும் துப்புத் தருகின்றன. நேர வேறுபாடு அதிகபட்சம் 0.7 மில்லிநொடி அளவு. முன், பின், மேல், கீழ் என்பதைக் காது மடலின் வளைவுகள் ஒலியில் செய்யும் மாற்றத்திலிருந்து மூளை படிக்கிறது. இவை அனைத்தையும் கணக்கிட்டு இரண்டு வழி ஒலிக்குள் அடக்கிவிட முடியும்.

1998இல் வந்த ஹாஃப்-லைஃப் விளையாட்டு, ஆரியல் நிறுவனத்தின் ஏ3டி முறையில் அதைச் செய்தது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் தொடுத்த காப்புரிமை வழக்கில் ஆரியல் வென்றும், செலவு தாங்காமல் நொடித்தது. அதன் உடைமைகளைக் கிரியேட்டிவே வாங்கியது. 2007இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, சவுண்ட் கார்டுகள் இந்தக் கணக்கைத் தாமே செய்யும் பழைய வழியை மூடியது. நல்ல திசையொலி பல ஆண்டுகள் பின்னடைந்தது இத்துறையின் பெரிய இழப்பு. 2017இல் கவுண்டர்-ஸ்டிரைக் விளையாட்டு அந்தக் கணக்கை மென்பொருளிலேயே சேர்த்துக்கொண்டது.

ஆகவே பெட்டியில் 7.1 என்று போட்டிருந்தால் ஹெட்போனுக்குள் எட்டு ஸ்பீக்கர் இருப்பதாக எண்ண வேண்டாம். மிகப் பெரும்பாலும் காதுக்கு ஒரு டிரைவர்தான். மீதி மென்பொருள் வேலை. விளையாட்டே திசையைக் கணக்கிடும்போது அதன்மேல் இன்னொரு 7.1ஐ ஏற்றினால் காலடிச் சத்தம் குழம்பும். இசைக்கும் அது கேடு.

தேர்வு

அட்டையில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு: இம்பீடன்ஸ், உணர்திறன் (குறிப்பிட்ட மின்திறனில் எழும் சத்தம்). பையர்டைனமிக்கின் 250 ஓம் டிடி 990 புரோ ஒரு மில்லிவாட்டில் 96 டெசிபல் தரும்; அதற்கு அரை வோல்ட் வேண்டும். 38 ஓம் எம்50எக்ஸ் 0.2 வோல்ட்டில் 99 டெசிபலைத் தொடும். மதர்போர்டின் பின்புற இணைப்பு ஒரு வோல்ட் அளவு தந்தாலே முன்னதற்கும் போதும். தனி ஆம்பிளிபயருக்குப் பணம் ஒதுக்கும் முன் பின்புற இணைப்பில் மாட்டிக் கேட்க வேண்டும். இரைச்சல் கேட்டால் எண்ணிம ஒலியை மின்சைகையாக மாற்றும் விலை குறைந்த யூஎஸ்பி டாக் ஒன்றே குறையைத் தீர்க்கும். 5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் என்பன போன்ற எண்களால் வாங்குபவருக்குப் பயன் இல்லை. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது.

எடை, தலையை அழுத்தும் விசை, காது மெத்தை ஆகியவை ஒலித்தரத்தைப் போலவே முக்கியம். 250 முதல் 300 கிராம் வரை நீண்ட நேரம் தாங்கலாம். செயற்கைத் தோல் மெத்தை நம் வெயிலில் வியர்வை பட்டு உரியும். வெல்வெட் போன்ற துணி மெத்தை நீண்ட நாள் உழைக்கும். மெத்தையும் கேபிளும் கழற்றி மாற்றக்கூடியவையா என்று வாங்குமுன் பார்ப்பது அவசியம். பெரும்பாலும் முதலில் பழுதாவது கேபிள்தான்.

புளூடூத் விளையாட்டுக்கு ஏற்றதல்ல. ஒலி தாமதமாக வரும். மைக்கைத் திறந்ததும் வழக்கமான புளூடூத்தில் ஸ்டீரியோ போய்த் தரமும் தொலைபேசி அளவுக்கு இறங்கும். கம்பியில்லாமல்தான் வேண்டும் என்பவர் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் யூஎஸ்பி டாங்கிளுடன் வருவதை நாடலாம். இசையும் விளையாட்டும் சமமாக வேண்டுபவருக்குக் கம்பியுள்ள ஸ்டீரியோ ஹெட்போனும் தனி மைக்கும் சேர்ந்த இணையே எந்த ஹெட்செட்டையும்விடச் சிறந்தது.

இன்றைய நிலை

ஒருகாலத்தில் உயர்விலையில் மட்டும் கிடைத்த, தனிச் சுருளுக்குப் பதில் சவ்விலேயே கடத்தி பதிந்த பிளேனார் காந்த ஹெட்போன்கள் இப்போது இவ்விலைக்கும் இறங்கியுள்ளன. புதிய எல்இ ஆடியோ முறை புளூடூத்தின் குறைகளைக் குறைத்து வருகிறது.

கேட்கும் நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வரம்பு வகுத்துள்ளது: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி, குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும்.