60களின் 'பீச்' படங்கள்: கதை கொஞ்சம், கலகலப்பு நிறைய!

அலைச்சறுக்கு, ஆட்டம், பாட்டு... கதையை மட்டும் தேடாதீங்க!

எப்போது தொடங்கியது?
1963இல் 'பீச் பார்ட்டி' அமெரிக்காவில் வெளியானது. ஃபிரான்கி அவலோன், அனெட் ஃபூனிசெல்லோ ஜோடி. படம் ஓடியதும் அதே பாணியில் அடுத்தடுத்துப் படங்கள் வந்தன.

ஏன் சிரிப்பு வருது?
அப்பா, அம்மா கண்ணிலேயே படமாட்டாங்க. வில்லன் எரிக் வான் ஸிப்பர் மோட்டார்சைக்கிள் கும்பலுக்குத் தலைவன். ஆனா அடி வாங்குறதே அவன் வேலை!

கவனிச்சீங்களா?
கடற்கரையில் ஆடுபவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளையர்கள். 'மசல் பீச் பார்ட்டி'யில் (1964) ஸ்டீவி வொண்டர் பாடினார்; அதுதான் அவருக்கு முதல் படம்.

அப்புறம்?
1965இல் அமெரிக்கப் போர்ப்படை வியட்நாமில் இறங்கியது. திரையில் அலைக்குக் காத்திருந்த அதே வயது இளையர்களுக்கு, வெளியே ராணுவ அழைப்பு. 60களின் பிற்பாதியில் இந்த அலையும் ஓய்ந்தது.

பார்த்தா நல்லா சிரிங்க. திரையில் யாரு இல்லைன்னும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.