தட்டின் தள்ளாட்டம்

மோட்டார் வண்டியின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகவே பலரும் கூறுவர். ஆயினும் ஓடும் வண்டியை வேண்டிய இடத்தில் நிறுத்தலாம் என்ற நம்பிக்கை இல்லையேல், அதனை விரைந்து ஓட்ட எவரும் துணியார். பந்தய வண்டிகளில் அந்நம்பிக்கை, சில்லோடு சேர்ந்து சுழலும் ஒரு தட்டிலே தங்கியிருக்கிறது. அத்தட்டு மயிரிழையளவு கோணினாலும் நம்பிக்கை ஆட்டங் காணும்.

தட்டுப் பிறேக் நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் வண்டி செய்த பிரெடரிக் லான்செஸ்டர் என்னும் பொறியியலறிஞர் 1902ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆனால் உராய்வுக்கு அவர் பயன்படுத்திய செம்பு காதைத் துளைக்கும் ஓசையை எழுப்பியது. விரைவில் தேய்ந்தும் போயிற்று. ஆகவே ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் உருளைப் பிறேக்கே அரசோச்சியது.

உருளைப் பிறேக்கிலோ ஒரு குறையுண்டு. உருளைக்குள் இருக்கும் கட்டைகள் வெளிநோக்கி அழுத்தி வண்டியை நிறுத்துகின்றன. அடிக்கடி மிதித்தால் உருளை சூடேறி விரிந்து கட்டையை விட்டு விலகும், உராய்வும் குறையும், மிதி கீழே இறங்கும். தட்டோ திறந்த காற்றிலே சுழல்வதால் விரைவில் ஆறும். சூட்டினால் பருத்தாலும் அது கட்டைகளை நோக்கியே பருக்கும்.

விமானங்களை நிறுத்துவதற்கு இம்முறையை வளர்த்த டன்லப் நிறுவனத்தார், ஜாகுவார் நிறுவனத்தாருடன் கூடி அதனைப் பந்தய வண்டிக்கு ஏற்றதாக்கினர். 1952இல் பிரான்ஸ் நாட்டின் றீம்ஸ் நகரில் ஸ்டேர்லிங் மொஸ் அவ்வண்டியில் வெற்றி கண்டார். மறு ஆண்டு, 24 மணி நேரம் நடைபெறும் லெ மான் பந்தயத்தில் டொனி றோல்ற், டங்கன் ஹமில்டன் ஆகிய இருவரும் ஓட்டிய ஜாகுவார் முதலிடம் பெற்றது. சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அப்பந்தயத்தில் அதுவே முதல் தடவை. வளைவை அண்மித்த பின்னரும் அஞ்சாது விரைந்துவிட்டுப் பிறேக்கை மிதிக்க முடிந்தமை அவ்வெற்றிக்கு ஒரு பெருங் காரணம்.

பந்தயத்திடலிலிருந்து தட்டு வீதிக்கு வந்தது. 1956இல் ட்றயம்ப் டி.ஆர். 3 வண்டியின் முன்சில்லுகளிலும், 1957இல் ஜாகுவார் எக்ஸ்.கே. 150 வண்டியின் நான்கு சில்லுகளிலும் அது இடம் பெற்றது. 1961இல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப் வண்டியும் நான்கு தட்டுகளோடே வந்தது. இவ்வண்டிகள் பல இன்றும் பேணப்பட்டு ஓடுகின்றன. தேய்ந்த தட்டை நீக்கிப் புதியதைப் பூட்டும்போது, புதியது என்பதனாலேயே அது நேரானது என்று கொள்ளலாமா?

மணிக்கு 60 மைல் வேகத்தில் இத்தகைய வண்டியின் சில்லு நொடிக்கு ஏறத்தாழ 13 முறை சுழல்கிறது. தட்டு கோணியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கட்டைகளை அது பின்னுக்குத் தள்ளும். அடுத்த முறை மிதிக்கும்போது மிதி ஆழமாக இறங்கும். மேலும், தட்டின் ஒரே இடம் கட்டையில் ஓயாது உரசி மெலியும். தடிப்பு ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தபின், மிதியிலும் சுக்கானிலும் நடுக்கம் தோன்றும். பூட்டிய அன்று தெரியாத பிழை, பல நாள் கழித்து, அவசர வேளையிலே தன்னைக் காட்டும்.

பழைய கைநூல்கள் பொதுவாக அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு முதல் ஆறு பங்குவரை ஆட்டத்துக்கு இடங் கொடுத்தன. அது ஒன்றிரண்டு தலைமயிரின் பருமனே. இதனைக் கண்ணால் அறிதல் அரிது. டயல் கேஜ் என்னும் மானியே அறியும்.

முதலில் தட்டின் காப்பெண்ணெயைத் துடைத்து, சில்லின் குடத்து முகத்திலுள்ள துருவைச் சுரண்டி நீக்குதல் வேண்டும். குடத்தின் முகம் சிறிது, தட்டோ பெரிது. ஆதலால் நடுவிலே அகப்பட்ட துருத்துகள் விளிம்பிலே இரு மடங்காகிக் காட்டும். பின்னர்த் திருகாணிகளை ஒரே அளவாக இறுக்கி, பெயாரிங்கின் தளர்ச்சியை அச்சோதனைக்கு மட்டும் நீக்குவர். சுழலாத உறுப்பொன்றில் மானியை நிறுத்தி, அதன் முனையைத் தட்டின் விளிம்புக்குச் சற்று உள்ளே பொருத்தி, தட்டை ஒரு முழுச் சுற்று மெல்லத் திருப்புவர். முள் காட்டும் மிகக் கூடிய அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் உள்ள வேறுபாடே ஆட்டம்.

அளவு மிகுந்தால் உடனே தட்டைப் பழித்தல் முறையன்று. தட்டைக் கழற்றி, ஓரிரு துளை தள்ளிப் பூட்டி மீண்டும் அளத்தல் வேண்டும். உயர்ந்த இடம் தட்டோடு நகர்ந்தால் குற்றம் தட்டினது. குடத்தோடு நின்றுவிட்டால் குற்றம் குடத்தினது. சில வேளைகளில் இரண்டின் பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, ஆட்டம் எல்லைக்குள் அடங்கிவிடுவதுமுண்டு. சோதனை முடிந்தபின் பெயாரிங்குக்கு உரிய தளர்ச்சியைத் திரும்பக் கொடுத்தல் இன்றியமையாதது. மறந்தால் அது சூடேறிக் கெடும்.

லெ மானில் வெற்றி தந்த தட்டும், இன்று பட்டறையில் பூட்டப்படும் தட்டும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. அன்று பந்தயத்தில் வென்ற நம்பிக்கையை இன்று ஒவ்வொரு சில்லிலும் காப்பது, தட்டை ஒருமுறை மெல்லத் திருப்பி முள்ளை நோக்கும் அந்தச் சில நிமிடப் பொறுமையே.