சிகிச்சை என்ற சொல்: கலிபோர்னியாவில் உரிமமில்லா அறிதுயிலாளர்களின் சட்ட வரலாறு

அறிதுயில் நிலையை முதன்முதலில் கூர்ந்து பதிவு செய்தவர் மருத்துவர் அல்லர், ஒரு நிலக்கிழார். 1784-இல் பிரான்சின் பியூசான்சி ஊரில், பீரங்கிப்படை அதிகாரியான புய்செகூர் கோமான், நெஞ்சு நோயில் படுத்திருந்த விக்டர் ராஸ் என்ற உழவருக்கு மெஸ்மர் என்பவர் பரப்பிவந்த ‘காந்த’ முறையைச் செய்து பார்த்தார். ராஸ் உறங்கினார், உறக்கத்திலேயே தெளிவாகப் பேசினார். அதே ஆண்டு பாரிஸில், பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியேயும் இருந்த அரச ஆய்வுக்குழு, அந்த முறை நம்பிய காந்தப் பாய்மம் என்று ஒன்று கிடையாது, விளைவுகளுக்குக் கற்பனையே காரணம் என்று முடிவு சொன்னது. அரசரின் பார்வைக்கென்று தனியே ஓர் இரகசிய அறிக்கையும் போயிற்று. அந்த முறையைச் செய்யும் ஆணின் முன் பெண் நோயாளி எவ்வளவு காப்பற்றுப் போகிறாள் என்பதே அதன் கவலை. இதை யார் செய்யலாம் என்ற கேள்வி அந்த அறிக்கையிலேயே பிறந்துவிட்டது என்று கருதுகிறேன்.

அரை நூற்றாண்டு கழித்து, 1841-இல், மான்செஸ்டரில் லஃபோந்தேன் என்பவர் மேடையில் நடத்திய ‘காந்த’ முறைக் காட்சியைப் பார்க்கப் போன அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு, தாமே சோதனைகளைத் தொடங்கி 1843-இல் நூல் எழுதினார். அறிதுயிலுக்கு ஹிப்னாடிசம் என்ற பெயர் ஊன்றியது அவரால்தான். இப்படி மருத்துவம் அறிதுயிலை இருமுறையும் வெளியாரிடமிருந்தே பெற்றது. பிற்காலச் சட்டங்களைப் படிக்கும்போது இதை மறக்கலாகாது.

1955-இல் பிரிட்டிஷ் மருத்துவ சங்கமும் 1958-இல் அமெரிக்க மருத்துவ சங்கமும் அறிதுயிலுக்கு மருத்துவத்தில் இடமுண்டு என ஏற்றன. அந்த ஏற்பு ஒரு வேலியாகவும் அமைந்தது. மருத்துவர்களுடைய கருவி என்றானதும், வெளியிலிருந்து கையாள்பவர் அத்துமீறுபவர் ஆனார். 1961-இல் ஃபுளோரிடா மாநிலம் நேரடியாகவே சட்டம் இயற்றியது: சிகிச்சை நோக்கில் அறிதுயிலைக் கையாள, ஒருவர் மருத்துவத் தொழிலராக இருக்க வேண்டும், இல்லையேல் அத்தகையவரின் மேற்பார்வையிலும் பொறுப்பிலும் செய்ய வேண்டும். அதே ஆண்டு கலிபோர்னியாவில் ஒரு வழக்கின் மேல்முறையீட்டில், உடல் நோயைப் போக்க அறிதுயிலைப் பயன்படுத்துவதும் மருத்துவத் தொழில் புரிவதே என்று தீர்ப்பாயிற்று.

மருத்துவச் சட்டம் ஒரு பக்கம் இறுக, மறுபக்கம் உளவியல் சட்டம் வளர்ந்தது. கலிபோர்னியா 1957-இல் உளவியலாளர்களுக்குச் சான்றளிக்கச் சட்டம் செய்தது. அது 1967-இல் முழு உரிமச் சட்டமாயிற்று. வணிக, தொழில் சட்டத் தொகுப்பில் இன்றுள்ள இரண்டு பிரிவுகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். 2903-ஆம் பிரிவு உளவியல் தொழில் எது என்று வரையறுக்கிறது. நேர்காணல், ஆலோசனை, உளச்சிகிச்சை, நடத்தை மாற்றம் என்று அது அடுக்கும் முறைகளில் அறிதுயிலும் ஒன்று. இத்தோடு நின்றிருந்தால் உரிமமில்லாத எவரும் அதைத் தொட முடியாது. ஆனால் 2908-ஆம் பிரிவு கதவைத் திறக்கிறது. மருத்துவரோ பல் மருத்துவரோ உளவியலாளரோ அனுப்பிவைத்தவருக்கு அறிதுயில் செய்யலாம். அப்படி யாரும் அனுப்பாமலும் செய்யலாம்: தொழிலிலோ பொழுதுபோக்கிலோ ஒருவர் மேம்படுவதற்கு உதவுவதாக மட்டும் அது இருந்து, மனநோய்க்கோ உணர்ச்சிக் கோளாறுக்கோ சிகிச்சை அளிப்பதாகச் சொல்லாதவரை. தம்மை உளவியலாளர் என்று அழைத்துக்கொள்ளவும் கூடாது.

கூர்ந்து பார்த்தால், இந்த விலக்கு வினையைப் பிரிக்கவில்லை, வாக்குறுதியைப் பிரிக்கிறது. அலுவலகக் கூட்டத்தில் எழுந்து பேச நடுங்கும் ஒருவர் அறிதுயிலாளரிடம் போகிறார் என்று கொள்வோம். சாய்வு நாற்காலி, தணிந்த குரல், இமைகள் கனக்கின்றன என்ற பரிந்துரை. ‘மேடைப் பேச்சில் தன்னம்பிக்கை’ என்று பலகையில் எழுதியிருந்தால் அது தொழில் மேம்பாடு. ‘சமூக அச்சக் கோளாறு குணமாகும்’ என்று எழுதியிருந்தால் உரிமமின்றி உளவியல் தொழில் புரிந்த குற்றம். இரண்டிலும் நாற்காலி ஒன்றே, குரலும் ஒன்றே. வந்தவரின் நடுக்கம் வெறும் கூச்சமா, நோயா என்று பிரித்தறியும் பயிற்சியோ உரிமம் உள்ளவரிடம்தான் இருக்கிறது. இந்தச் சட்டத்தின் மெய்யான பலவீனம் இதுதான். பிரித்தறியத் தகுதி இல்லாதவர் என்று தானே ஒதுக்கியவரிடமே பிரித்தறியும் பொறுப்பை அது ஒப்படைக்கிறது.

இதற்கிடையே தொழிலுக்கு வேறொரு வழியில் பெயர் கிடைத்தது. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் தொழிற்பெயர் அகராதி, 1991 பதிப்பில், ஹிப்னோதெரபிஸ்ட் என்ற பெயரை 079.157-010 என்ற எண்ணில் பட்டியலிட்டிருந்தது. பலர் இதை அரசு அங்கீகாரமாகக் காட்டினர். அது தவறு, வேலை வகைகளை விவரிக்கும் அகராதி யாருக்கும் உரிமை வழங்குவதில்லை.

அடுத்த திருப்பம் 2002-இல் நிறைவேறிய கலிபோர்னியா செனட் மசோதா 577. 2053.5, 2053.6 ஆகிய பிரிவுகள் அதில் வந்தவை. அறுவை செய்யாமல், மருத்துவர் எழுதித்தந்த மருந்தை நிறுத்தச் சொல்லாமல், கடும் தீங்குக்கு இடமளிக்கும் வகையில் நோயறிந்து சிகிச்சை செய்யாமல் இருக்கும், அறிதுயிலாளர் போன்ற மாற்றுமுறையாளர், சில நிபந்தனைகளோடு, மருத்துவச் சட்டத்தை மீறியவர் ஆகமாட்டார். மருத்துவச் சட்டத்தை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். உளவியல் சட்டத்திலிருந்து இந்தப் பிரிவுகள் எந்தக் காப்பும் தரவில்லை. அதற்கு 2908-இன் நிழல்தான் உண்டு. இரண்டும் ஒன்றென்று எண்ணி மனச்சோர்வுக்குச் சிகிச்சை என்று விளம்பரம் செய்பவர் முதல் குடையின் கீழ் நின்றுகொண்டு இரண்டாவது மழையில் நனைகிறார்.

அந்த நிபந்தனைகளில் முதன்மையானது ஒரு தாள். ‘நான் உரிமம் பெற்ற மருத்துவர் அல்லேன். என் சேவைக்கு மாநில உரிமம் இல்லை. இந்த முறையின் அடிப்படை இது. என் படிப்பும் பயிற்சியும் இவை’ என்று, வந்தவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு அவர் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளை மூன்றாண்டு காக்க வேண்டும். ஒருவர் கண்ணை மூடுமுன் தம் முன்னால் இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள உதவுவதால், இதைச் சட்டத்தின் மிக நேர்மையான பகுதியாகக் கருதுகிறேன். ஆனால் அறிதுயிலாளர் இத்தனை மணி நேரம் பயின்றிருக்க வேண்டும் என்று கலிபோர்னியாச் சட்டம் கேட்கவில்லை. பயின்றது எதுவோ அதை எழுதிக் காட்டினால் போதும் என்கிறது. வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்தவரும் ஓராண்டு பயின்றவரும் அதே தாளைத்தான் நீட்டுகிறார்கள். வேறுபாட்டை அளக்க வேண்டியவர், நடுக்கத்தோடு உதவி தேடி வந்தவரே.