பின்னோக்கி எண்ணிய வைத்தியர்

ஒரு பெண் மாதத்தின் எந்த நாட்களில் கருவுறுவாள் என்ற கேள்விக்கு மனிதன் சரியான விடை கண்டு ஏறத்தாழ நூறு ஆண்டுகளே ஆகின்றன. கிரகணம் வரும் நாளை எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே கணித்துச் சொன்ன அறிஞர்கள், தம் வீட்டுப் பெண்ணின் உடலில் மாதந்தோறும் நிகழும் ஒன்றின் நாளை அறியாதிருந்தனர். அறியாதிருந்தனர் என்பதைவிட, பிழையாக அறிந்து அதனை உறுதியாக நம்பியிருந்தனர் என்பதே பொருந்தும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோம் நகரில் வைத்தியம் பார்த்த சொரானஸ் என்னும் கிரேக்கர், மாதவிடாய் ஓய்ந்துவரும் நாட்களே கருத்தரிக்க மிக உகந்தவை என எழுதினார். கீழைத்தேயத்திலும் எண்ணம் அவ்வாறே இருந்தது. மனுவின் நூல் மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 16 இரவுகளைக் கருத்தரிப்புக்குரிய காலமாகக் கொண்டு, அவற்றுள் முதல் நான்கை விலக்கியது. இரட்டை இரவில் சேர்ந்தால் ஆண், ஒற்றை இரவில் சேர்ந்தால் பெண் என்ற கணக்கும் அதிலுண்டு. நமது தொல்காப்பியத்தின் கற்பியலோ, பூப்பிலிருந்து பன்னிரண்டு நாளும் தலைவன் தலைவியைப் பிரிந்திருத்தல் ஆகாது என விதித்தது. இன்றைய அறிவைக் கொண்டு பார்த்தால் இவை முற்றாகப் பிழையல்ல. வலையை அகல விரித்தார்கள்; மீன் நிற்கும் இடம் தெரியாமலே மீனும் அகப்பட்டது.

வலையைச் சுருக்கப் போன பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வினை வந்தது. பாலூட்டிகளின் சூலை 1827 இல் வொன் பேயர் நாயொன்றின் உடலில் கண்டுபிடித்தார். 1843 இல் பிஷொஃப் என்ற ஜேர்மானியர், பெட்டை நாய் பருவத்துக்கு வரும்போது அதன் சூலகத்திலிருந்து சூல் தானாகவே வெளியேறுகிறது எனக் காட்டினார். அதுவரை சரி. ஆனால், நாய்க்கும் பருவத்தில் இரத்தம் கசிகிறது, பெண்ணுக்கும் மாதந்தோறும் இரத்தம் கசிகிறது, ஆகவே இரண்டும் ஒன்றே என அக்கால அறிஞர்கள் முடிவு கட்டினார்கள். பிரான்சின் பூஷே 1847 இல் வெளியிட்ட நூலில், மாதவிடாய் நாட்களிலும் அதன் பின்னான பன்னிரண்டு நாட்களிலுமே கருவுறல் நிகழும், அதற்கப்பால் இல்லை என அடித்துக் கூறினார். அவ்வழியில் வந்த கைநூல்கள் பல, மாதவிடாயை ஒட்டிய நாட்களை ஆபத்தானவை என்றும் நடுமாதத்தைப் பாதுகாப்பானது என்றும் போதித்தன. அதை நம்பிப் பிள்ளை வேண்டாமென்றிருந்தவர்கள் பெற்றார்கள்; வேண்டுமென்றிருந்தவர்கள் காத்திருந்தார்கள். நாயைப் பார்த்தவர்களுக்குப் பெண்ணிடம் கேட்கத் தோன்றவில்லை.

கேட்டவர் ஒரு யப்பானியர். கியூசாக்கு ஒகினோ 1882 இல் பிறந்தவர். தோக்கியோவில் வைத்தியம் கற்று, 1912 இல் நீகாத்தா என்னும் தொலைநகரின் வைத்தியசாலையொன்றில் பெண்நோய் வைத்தியராகச் சேர்ந்தார். பெரிய ஆய்வுகூடமோ பல்கலைக்கழகக் கதிரையோ அவருக்கு இல்லை. வேறு நோய்களுக்காக வயிற்றில் சத்திரசிகிச்சை செய்யும்போதெல்லாம் சூலகத்தை உற்றுப் பார்ப்பார். சூல் வெளியேறிவிட்டதா, அது வெளியேறிய இடத்தில் தோன்றும் மஞ்சட் சடலம் புதியதா பழையதா என்று குறித்துக்கொள்வார். முந்தைய மாதவிடாய் எப்போது வந்தது என்று அந்தப் பெண்களிடம் கேட்பார்; அத்துடன் நில்லாமல் அடுத்தது எப்போது வந்தது என்றும் கேட்டறிவார். இந்த இரண்டாவது கேள்வியில்தான் விடை இருந்தது.

கடந்த மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணினால் சூல் வெளியேறும் நாள் ஆளுக்கு ஆள் சிதறிக் கிடந்தது. வரப்போகும் மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 12 முதல் 16 வரையான ஐந்து நாட்களுக்குள் வந்து அடங்கியது. காரணம் இதுதான்: சூல் முதிர எடுக்கும் காலம் பெண்ணுக்குப் பெண், மாதத்துக்கு மாதம் மாறும், அது வெளியேறியபின் மஞ்சட் சடலம் வாழும் காலமோ அதிகம் மாறுவதில்லை, ஏறக்குறைய இரண்டு வாரம். ஒகினோ இதனை 1924 இல் யப்பானிய மொழியில் வெளியிட்டார். 1930 இல் ஜேர்மன் மொழியில் வந்த பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ஒஸ்திரியாவில் ஹேர்மன் க்னவுஸ் என்பவரும் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்திருந்தார்.

பிள்ளையில்லாதவர்களுக்கு உதவவே ஒகினோ இக்கணக்கைத் தந்தார். உலகமோ இதனைக் கருத்தடை முறையாக எடுத்துக்கொண்டது. அதற்கு இது நம்பத்தக்கதன்று என்று அவர் மறுத்தும் பயனில்லை. முறை தவறிப் பிறந்த பிள்ளைகளை பிரான்சில் ‘ஒகினோக் குழந்தைகள்’ என்றே பகிடியாகச் சொன்னார்கள். பின்னோக்கி எண்ணுவதில் உள்ள சங்கடம் வெளிப்படை: வராத மாதவிடாயின் திகதி யாருக்குத் தெரியும்?

ஆசிரியர் கலாசாலையில் நான் பயின்றபோது எங்கள் விரிவுரையாளர் கரும்பலகையில் ‘14 ஆம் நாள்’ என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவினார். அந்த 14, வட்டம் 28 நாளாக உள்ளவளுக்கு மட்டுமே ஓரளவு பொருந்தும். 35 நாள் வட்டமென்றால் 21 ஆம் நாளளவில், 24 நாளென்றால் 10 ஆம் நாளளவில். அதுவும் உத்தேசமே.

ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினாவில் அலன் வில்கொக்ஸ் குழுவினர் 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் காலையில் பெற்று ஆராய்ந்தனர். 1995 இல் வெளியான முடிவு வியப்பானது. சூல் வெளியேறும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமாக ஆறே நாட்களில்தான் கருவுறல் நிகழ்ந்திருந்தது. ஐந்து நாட்களுக்கு முன் சேர்ந்தால் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து. சூல் வெளியேறும் நாளில் நூற்றுக்கு முப்பத்து மூன்று. மறுநாள் அநேகமாக ஒன்றுமில்லை. விந்து ஐந்து நாள் வரை உயிர்தரித்திருக்கும், சூலோ ஒரு நாள்கூடத் தாங்காது. 2000 ஆம் ஆண்டில் அதே குழு இன்னொன்றும் சொன்னது: கைநூல்கள் குறிக்கும் 10 முதல் 17 வரையான நாட்களுக்குள் இந்த ஆறு நாளும் முழுமையாக அடங்கும் பெண்கள் நூற்றுக்கு முப்பது பேரளவினரே.

இதெல்லாம் எங்கள் ஊருக்கு எதற்கு என்று கேட்கலாம். கட்டார், சவூதி என்று போன கணவன்மார் இரண்டு வருடத்துக்கொருமுறை முப்பது, நாற்பது நாள் விடுமுறையில் வருகிறார்கள். அந்த நாட்களுக்குள் மேற்சொன்ன ஆறு நாள் ஒரு தடவை வரும், மிஞ்சினால் இரண்டு தடவை. கிடைத்த நல்ல நாளிலும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கருவுறாதபோதே வைத்தியர்கள் பொதுவாகப் பரிசோதனையைத் தொடங்குவார்கள். அப்போதும் ஆண், பெண் இருவரையும் சோதிப்பார்கள். நமது திண்ணைகள் அவ்வளவு பொறுப்பதில்லை. மருமகளை மலடி என்று முடிவு செய்துவிடும்.

அண்மையில் அயலிலுள்ள ஒரு ராத்தா, மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று என் அபிப்பிராயம் கேட்டு வந்தார்.

“அஞ்சி வருசமாகுது சேர், ஒரு பிள்ள இல்ல.”

“அஞ்சி வருசத்துல மகன் ஊர்ல நிண்டது எத்தின நாள் ராத்தா?”

அவர் விரல் மடக்கினார். “கலியாணத்தோட ஒரு மாசம். பொறகு ரெண்டு தரம் வந்தான், நாப்பது நாப்பது நாள்.”

நூற்றுப் பத்து நாள். நான்கு மாதங்கூட இல்லை. மேசையிலிருந்த கொப்பியை எடுத்து அந்த நூற்றுப் பத்து நாளையும் கோடு கோடாக வரைந்து அவர் முன்னால் வைத்தேன்.