முட்டைக் கோழிகளுக்குச் செயற்கை ஒளி
பகல் சுருங்கும் குளிர்காலத்திலும் முட்டை குறையாதிருக்க, கொட்டகையில் விளக்கெரித்து ஒளிநேரத்தை நீட்டும் பண்ணை முறை. குளிரைவிடப் பகலின் நீளமே முட்டையிடலைத் தீர்மானிக்கிறது. ஒளி மண்டையோட்டை ஊடுருவி மூளையின் ஹைப்போதலாமசை எட்டி, இனப்பெருக்க ஹார்மோன்களைச் சுரக்க வைக்கிறது. பார்வையற்ற கோழியும் இதற்கு இணங்குவது அதனால்தான். லண்டனில் டிசம்பர் இறுதியில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. கோழிக்குத் தேவையோ 14 முதல் 16 மணி. பற்றாக்குறையை விடியலுக்கு முன்பே ஈடுகட்டுவது நல்லது. மாலையில் விளக்கு திடீரென அணைந்தால், பரண் ஏறாத கோழிகள் இருளில் தடுமாறும். வளரும் பெட்டைகளுக்கு மட்டும் இந்தக் கூடுதல் ஒளி கூடாது: அதனால் உடல் முதிருமுன் முட்டையிடத் தொடங்கினால் முட்டை சிறுக்கும், கருக்குழாயும் வெளித்தள்ளக்கூடும். குளிர்காலப் பகலே சுமார் 11½ மணி நீளும் நாமக்கல்லின் முட்டைப் பண்ணைகளிலும் கூடுதல் விளக்கொளி வழக்கமே.