கற்றாழை ஜூஸும் செங்கல்பட்டு டாக்டரும்

கற்றாழை ஜூஸ் செய்வது எப்படி என்று யாரைக் கேட்டாலும், எந்த வீடியோவைப் பார்த்தாலும், ஒரு கட்டளை தவறாமல் வரும்: "ஏழு தடவை கழுவுங்க." ஏன் ஏழு, கழுவாவிட்டால் என்ன ஆகும், இதை முதலில் சொன்னது யார்? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்கு இது வெறும் ஆர்வக் கேள்வி இல்லை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பிபி மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார். தாம்பரத்தில் காலை வாக்கிங் முடிந்து வரும்போது ஒரு தள்ளுவண்டியில் கற்றாழை ஜூஸ் குடிப்பது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் கூடப் போய்ப் பார்த்தேன். மடலை முள்ளை மட்டும் சீவிவிட்டு, தோலோடு துண்டு போட்டு மிக்ஸியில் அரைத்துக் கொடுக்கிறார். கேட்டால், "தோல்லதான் சார் சத்தே இருக்கு." அந்த வாரம் அம்மாவுக்கு இரண்டு நாள் வயிற்றைப் பிடித்து இழுத்தது. அதற்குப் பிறகுதான் பழைய புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் மடலைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே மடலுக்குள் இரண்டு வேறு வேறு சரக்கு இருக்கிறது. பச்சைத் தோலுக்கு ஒட்டினாற்போல் உள்பக்கம் ஓடும் குழாய்களை அடுத்த செல்களில் மஞ்சள் நிறப் பால் இருக்கிறது, கடும் கசப்பு. அதில் இருக்கும் அலோயின் என்ற பொருளைப் பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் உடைக்க, குடல் முறுக்கிக்கொண்டு வெளியே தள்ளும். அதற்கும் உள்ளே இருப்பது வெள்ளைச் சதை. செடி தண்ணீர் சேமிக்கும் தொட்டி அது. கிட்டத்தட்ட 99 சதவீதம் தண்ணீர், மீதியில் கொஞ்சம் வழவழப்பான சர்க்கரைச் சங்கிலிகள். கசப்பு பெரிதாகக் கிடையாது.

இப்போது பெயரைப் பாருங்கள். சோற்றுக் கற்றாழை. 'சோறு' என்றால் நமக்குத் தட்டில் இருப்பதுதான் ஞாபகம் வரும். ஆனால் மரத்தின் உள்ளே இருக்கும் மென்மையான பகுதிக்கும் தமிழில் அதே சொல்தான். பனஞ்சோறு என்கிறோம் இல்லையா, அந்தச் சோறு. அதாவது தமிழ், இந்தச் செடிக்கு வெள்ளையை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறது. மஞ்சளுக்குத் தனிப் பெயர் உண்டு. அதைக் காய்ச்சி இறுக்கினால் கரியபோளம், இன்னொரு பெயர் மூசாம்பரம். இந்த இரண்டாவது பெயர் அரபியிலிருந்து வியாபாரத்தோடு வந்தது. அரபியில் இதற்கு முசப்பர் என்று பெயர்.

உலகம் தலைகீழ். 'அலோ' என்று கிரேக்கர் காலத்திலிருந்து கப்பலேறியது காய்ந்த மஞ்சள்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல், இந்தியப் பெருங்கடல் வணிகத்தை எழுதிவைத்த பெரிப்ளஸ் நூல், தென் அரேபியாவின் கானே துறைமுகத்திலிருந்து சாம்பிராணியோடு அலோவும் ஏற்றுமதியானதைக் குறிப்பிடுகிறது. சொகோட்ரா தீவின் சரக்குக்குத் தனி மவுசு. அந்தச் செடிக்காகவே தீவைப் பிடிக்கச் சொல்லி அரிஸ்டாட்டில் அலெக்சாண்டருக்கு யோசனை சொன்னதாக அரபு எழுத்தாளர்கள் ஒரு கதை வைத்திருந்தார்கள் (கதைதான், ஆனால் மார்க்கெட்டிங் பிரமாதம்). 1563-ல் கோவாவில் கார்சியா ட ஓர்ட்டா அச்சிட்ட மருந்து நூலில் இரண்டாவது உரையாடலே இதைப் பற்றித்தான். பிறகு கரீபியன் தீவான பார்படாஸில் தோட்டமாகவே போட்டார்கள். மடலை அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி சாய்வான மரத்தொட்டியில் அடுக்குவார்கள். பிழிய மாட்டார்கள், மஞ்சள் தானாக வடியும். அதைக் காய்ச்சினால் கருப்புக் கட்டி. உள்ளே சோறு அப்படியே இருக்கும் மடல், குப்பைக்கு.

செடியின் அறிவியல் பெயரிலும் அந்த வணிகத்தின் வாசனை உண்டு. 1768-ல் நிக்கோலாஸ் பர்மன் 'ஃப்ளோரா இண்டிகா'வில் அலோ வேரா என்று எழுதினார். அதே ஆண்டு பிலிப் மில்லர் அலோ பார்படென்சிஸ் என்று பார்படாஸ் பெயரை வைத்தார். பர்மன் பத்து நாள் போல முந்திக்கொண்டதால் அவர் வைத்த பெயர் நிலைத்தது. ஆனாலும் உங்கள் வீட்டு ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், பார்படென்சிஸ் என்று இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, சோற்றைக் கழுவிச் சாப்பிடும் வழக்கம் நம்மிடம் எவ்வளவு பழையது? 'சித்தர் காலத்திலிருந்து' என்று ஒரே தாவில் பதில் சொல்லிவிடலாம். எனக்குத் தேதி போட்ட ஆதாரம் வேண்டும். அது கிடைத்த இடம், ஒரு வெள்ளைக்கார டாக்டர்.

ஒயிட்லா ஐன்ஸ்லி, கிழக்கிந்திய கம்பெனியில் 1788-ல் உதவி சர்ஜனாகச் சேர்ந்தவர். இந்தியா வந்ததும் முதல் வேலை, செங்கல்பட்டுக் கோட்டைப் படைக்கு மருத்துவர். இன்றைக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற ஊர். 1815 வரை மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தார். அவருக்கு ஒரு நல்ல பழக்கம்: உள்ளூர் வைத்தியர்கள் எதை, எதற்கு, எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டுத் தமிழ்ப் பெயரோடு எழுதிக்கொள்வது. 1813-ல் மெட்ராஸிலேயே ஒரு தொகுப்பு அச்சானது. அதை விரித்து 1826-ல் லண்டனில் 'மெட்டீரியா இண்டிகா' என்று இரண்டு பாகமாக வெளியிட்டார்.

அதில் அவர் கரியபோளத்தையும் கற்றாழையையும் வேறு வேறு சரக்காகவே வைத்துப் பேசுகிறார். கற்றாழை பற்றிச் சொல்லும் செய்தி இது: மடலின் சதையைக் குளிர்ந்த நீரில் நன்றாகக் கழுவி, கொஞ்சம் கற்கண்டு சேர்த்து, உடல் சூட்டைத் தணிக்கக் கொடுக்கிறார்கள். அப்படிச் சுத்தம் செய்த சதையோடு சுட்ட படிகாரம் சேர்த்துக் கண் நோய்க்கும் பயன்படுத்துகிறார்கள். (கண் விஷயத்தை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.)

எனக்கு இதைப் படித்தபோது ஜிவ்வென்று இருந்தது. பார்படாஸ்காரர்கள் மஞ்சளை எடுத்துக்கொண்டு சோற்றை எறிந்துகொண்டிருந்த அதே காலத்தில், இங்கே மஞ்சளைக் கழுவி ஊற்றிவிட்டுச் சோற்றில் கற்கண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். 200 வருஷம் பழைய கற்றாழை ஜூஸ் ரெசிப்பி, அதில் முக்கியமான ஸ்டெப் கழுவுவது. ஐன்ஸ்லி 'நன்றாக' என்கிறார், அவ்வளவுதான். ஏழு என்ற எண் எங்கிருந்து வந்திருந்தாலும், நோக்கம் கசப்புப் போவது. எங்கள் பாஷையில் சொன்னால் இது ஃபார் லூப் இல்லை, வைல் லூப். கசக்கிற வரை கழுவணும். மூன்றில் போனால் மூன்று, பத்து ஆனால் பத்து.

நவீன மருத்துவம் இந்த இடத்துக்குச் சுற்றி வந்து சேர்ந்தது. 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கும் பேதி மருந்துகளிலிருந்து கற்றாழைப் பாலை நீக்கியது. 2013-ல் அந்நாட்டின் தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்ட ஆய்வில், மஞ்சள் நீக்காத முழு மடல் சாற்றை இரண்டு வருஷம் தண்ணீரில் கலந்து கொடுத்த எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, முழு மடல் சாற்றை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. எலிக்கு வந்தது நமக்கும் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் சோதித்தது எதை என்று கவனியுங்கள்: தோலோடு அரைத்தது. தள்ளுவண்டிப் பதம்.

அம்மா விஷயத்தில் பயம் இன்னும் பக்கத்தில் இருந்தது. பேதியில் பொட்டாசியம் போகும். நீர் மாத்திரையில் பல வகையும் அதையேதான் செய்யும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு வரை பிரச்சினை. கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. கரியபோளம் நாட்டு வைத்தியத்தில் நின்றுபோன மாதவிலக்கை வரவழைக்கக் கொடுக்கும் சரக்கு என்பதை ஞாபகம் வைத்தால் போதும். சந்தேகம் இருந்தால் தாம்பரம் சானடோரியத்தில் 2005-லிருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, நேராகப் போய்க் கேட்கலாம்.

வீட்டில் செய்வது கஷ்டமே இல்லை. முற்றிய அடிமடலாக ஒன்றை அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்க ஒரு டம்ளரில் கால் மணி நேரம் நிறுத்துங்கள். பார்படாஸ் தொட்டி மாதிரியேதான், ஆனால் இங்கே டம்ளரில் வடிந்ததைக் கொட்டுகிறோம். முள் ஓரம் இரண்டையும் சீவி, தோலைச் சற்றுத் தாராளமாகவே எடுங்கள். சிக்கனம் பார்த்தால் மஞ்சள் ஒட்டிக்கொண்டு வரும். சோற்றைச் சின்னத் துண்டாக்கி, தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசக்கவில்லை என்றால் இரண்டு மூன்று ஸ்பூன் எடுத்து மோர், இஞ்சி, கறிவேப்பிலை, உப்போடு ஒரு சுற்று. ஐன்ஸ்லி வெர்ஷன் வேண்டுமானால் கற்கண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மோரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

செடியை மட்டும் சரியாகப் பாருங்கள். ரயில் பாதை ஓரம் வேலியாக நட்ட, ஆள் உயரம் வளரும் ஆனைக் கற்றாழை இது இல்லை. அது மெக்சிகோ பக்கத்து அகேவ், பெயரில் மட்டும்தான் உறவு, சாறு பட்டாலே தோல் அரிக்கும்.

அரைத்ததும் குடித்துவிடணும். வைத்தால் வழவழப்பு இறங்கி நீர்த்துப்போகும். கொஞ்ச நேரத்தில் இளஞ்சிவப்பாக நிறம் மாறினால், மஞ்சள் இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செடிக்கே ஊற்றிவிடலாம்.